கடுவனின் கன்னத்தில் கட்டி

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு நான்கு வயது. திடீரென்று கன்னத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தொட்டால் சுடுகிறது. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடலாம் என்கிறார் மாமியார். பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா? வயிற்றிலும் வரிசையாகச் சின்ன முண்டுகள் தட்டுப்படுகின்றன. புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, செல்லூர், மதுரை

பதில்: முதலில் அந்த மாத்திரையைத் தூர வையுங்கள், அம்மா. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதி மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது சண்டையில் கடிபட்ட சீழ்க்கட்டிதான் என்று தோன்றுகிறது. செல்லூர் மாதிரிச் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் ராத்திரியானால் கடுவன்கள் மாடிக்கு மாடி தாவிச் சண்டை போடும். கோரைப்பல் ஊசி மாதிரி இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே போன கிருமி சில நாளில் சீழ் கோத்துவிடும். திடீரென்று வீங்கியது அதனால்தான். முடியை விலக்கிப் பாருங்கள், சின்னப் பொருக்கு ஒன்று தெரியலாம்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். தோலை அரிக்கும், பூனை நக்கினால் நாக்கும் வாயும் புண்ணாகும். பிதுக்கவும் கூடாது, சீழ் உள்ளுக்குள் பரவும். டாக்டர் கீறி, வடித்து, கழுவி, ஆன்டிபயாடிக் கொடுப்பார். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, இன்றே போங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து, அது தனி ஆபத்தாகிவிடும்.

வயிற்றில் இருப்பவை பெரும்பாலும் முலைக்காம்புகளாக இருக்கும். கடுவனுக்கும் உண்டு; வழக்கமாக இரண்டு வரிசையில் 8. டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டைப் பூனைக்கு அந்த இடத்தில் கட்டி வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பூனைகளின் மார்புக் கட்டிகளில் 10-க்கு 8-க்கு மேல் புற்றாகவே இருக்கும்.

தடுப்பூசி போட்ட இடத்தில் வரும் சின்ன வீக்கம் தானாக வற்றும். 3 மாதமாகியும் வற்றாவிட்டாலோ, 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்ந்தாலோ, துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

புண் ஆறியதும் கருத்தடை செய்துவிடுங்கள், சண்டை நன்றாகக் குறையும். வலியில் இருக்கும் பூனை உங்களையே கடிக்கலாம். துண்டில் சுற்றித் தூக்குங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.