முதலில் வீட்டில் சொல்லுங்கள், தம்பி

அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசா கிடைத்த எட்டாவது மாதமே வேலை போய்விட்டது, குடியாத்தத்தில் இன்னும் சொல்லவில்லை, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறார், பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராணிப்பேட்டைக்காரன். இங்கே வந்து 17 வருடத்தில் இரண்டு முறை எனக்கும் வேலை போயிருக்கிறது.

முதலில் நாள் கணக்கு. வேலையின் கடைசி நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் இங்கே இருக்கலாம். ஐ-94, அதாவது இங்கே எதுவரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு, அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புது கம்பெனி மனு போட்டிருக்க வேண்டும், அல்லது நீங்கள் வேறு விசாவுக்கு மாற விண்ணப்பித்திருக்க வேண்டும். வக்கீலிடம் இன்றே பேசுங்கள்.

முதல் முறை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அயர்ன் செய்த சட்டையோடு கிளம்பி, லைப்ரரி வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ராத்திரி அம்மா "ஆபீஸ் எப்படிப்பா?" என்று கேட்டால் வாய் கூசும். வேலை தேட வேண்டிய தெம்பெல்லாம் மறைப்பதிலேயே தீர்ந்துபோனது. 1996இல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன சமயத்தில் எங்கள் நைனா வேலை பார்த்த டேனரியை, தோல் பதனிடும் ஆலையை, மூடினார்கள். அவர் அன்று சாயங்காலமே டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்று தகவல் சொன்னது அந்த டீக்கடைக்காரர்தான்.

இரண்டாம் முறை நான் எழுதினேன். 1994இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கர் குழுவின் ஆய்வு ஒன்று உண்டு. வேலை இழந்தவர்களைத் தினம் 20 நிமிடம், ஐந்து நாள், மனதில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. பழைய வேலை மேல் இருந்த கோபம் தணிந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன், எனக்கு அப்படித்தான் நடந்தது. தமிழிலேயே எழுதுங்கள், அழுகை வந்தால் வரட்டும்.

ஊருக்குத் திரும்புவது பற்றி. "இவ்வளவு கடன் வாங்கிப் படித்துவிட்டு எப்படிப் போவது" என்கிறீர்கள். போட்ட பணத்துக்காகவே ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வதை மனவியலில் 'மூழ்கிய செலவுப் பிழை' (sunk cost fallacy) என்பார்கள். கடன் எங்கே போனாலும் அதே கடன்தான். எங்கிருந்து அடைப்பது சுலபம் என்று மட்டும் பாருங்கள். இப்போது வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள், கையில் விசா இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யாராவது அமெரிக்காவில் நீங்கள் பார்த்த இந்த வேலையை, இந்தச் சம்பளத்துக்குக் கொடுத்தால் விமானம் ஏறுவீர்களா? ஆமாம் என்றால் 60 நாளும் முட்டிப் பாருங்கள். இல்லையென்றால் திரும்புவதில் ஒரு குறையும் இல்லை.

சரி, வைகாசி ஒன்றாம் தேதி சிரசுக்குப் போக முடியுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஊரில் விடிந்ததும், அப்பா தறியில் உட்காருவதற்கு முன்னால், வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.