தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்துல இருக்கற வீட்டுக்கு) புதுசா கரண்ட் இழுத்தா ஜிஎஸ்டி கட்டணுமா?

ஈபில கட்டற கனெக்‌ஷன் சார்ஜுக்கு இப்ப ஜிஎஸ்டி இல்லைங்க, ஆனா வெளி ஆளை வெச்சு செய்யற வேலைக்கு உண்டு. கேக்கறதுக்கு குழப்பமாத்தான் இருக்கும், எனக்கே ரெண்டு சாளைக்கு அலைஞ்சப்புறம்தான் புரிஞ்சுது.

எங்க சாளை ரோட்டுல இருந்து அஞ்சாறு கம்பம் உள்ள தள்ளி. 2021ல கனெக்‌ஷன் வாங்கறப்ப அப்ளிகேஷன் பீஸுக்கு மேல 18% சேர்த்து வாங்குனாங்க. கரண்டுக்கே ஜிஎஸ்டி இல்லையே, கனெக்‌ஷனுக்கு மட்டும் என்னத்துக்குன்னு கேட்டேன், 2018 மார்ச்ல வந்த சர்க்குலர் அப்படின்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, அப்ளிகேஷன் பீஸ், மீட்டர் வாடகை, டெஸ்டிங், மீட்டர் இடம் மாத்தற கூலி, ஏன் டூப்ளிகேட் பில்லுக்கு கூட வரின்னு அதுல இருந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல குஜராத் ஹைகோர்ட் இது செல்லாதுன்னு சொல்லியும் நம்ம பக்கம் வாங்கறது நிக்கல.

அப்பறம் 2024 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, அக்டோபர் 10ல இருந்து இதுக்கெல்லாம் விலக்கு குடுத்துட்டாங்க. போன வருஷம் எங்க மச்சான் பக்கத்துத் தோட்டத்துல சாளை போட்டு அப்ளை பண்ணப்ப ரசீதுல அந்த 18% காணோம். நானும் ஆசைல பழைய ரசீதைத் தூக்கிட்டுப் போனேன், பழசுல கட்டுனவங்களுக்கு திருப்பித் தர மாட்டோம், கட்டாதவங்க கிட்ட கேக்கவும் மாட்டோம், அதான் ரூலுன்னு சொல்லிட்டாங்க. கட்டாதவன் பொழைச்சான் போங்க.

நீங்க பாக்க வேண்டியது பில்லு யாரு போடறாங்கன்னு. விலக்கு கரண்ட் குடுக்கற கம்பெனி அவங்களே செய்யற வேலைக்கு மட்டும்தான். கம்பம் நடறது, லைன் இழுக்கறது எல்லாம் லைசென்ஸ் இருக்கற தனியார் காண்ட்ராக்டர வெச்சு நீங்களே முடிச்சுக்கறீங்கன்னா அவரு 18% போடுவாரு, ஒயர் வாங்குனா அதுலயும் 18%. உள்ள ஒயரிங் பண்ற ஊர் எலக்ட்ரீசியனுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லைன்னா அவரு உங்ககிட்ட வரின்னு ஒரு பைசா வாங்கக் கூடாது, வரி கேட்டாருன்னா நம்பர் போட்ட பில்லு கேளுங்க. திரும்பி வர்ற செக்யூரிட்டி டெபாசிட்டா கட்டறதுக்கு வரி கெடையாது.

கெணத்து மோட்டாருக்கு ஈபி லைன் இழுத்துக் குடுத்தா 2018 ஜூலைல இருந்தே வரி இல்ல, ஆனா அது வெவசாயத்துக்கு, சாளைக்கு அதைச் சொல்லிக் கேக்க முடியாது. அந்த சர்வீஸ்ல இருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க, மாட்டுனா பைன் தீட்டிருவாங்க.

மச்சான் நடுவுல சோலாரே போதும்னு ஒரு வாரம் சுத்துனாரு, 2025 செப்டம்பர்ல பேனலுக்கு வரி 12ல இருந்து 5 ஆயிருச்சுல்ல. ராத்திரில கிரைண்டர் ஓடுமான்னு அக்கா ஒரு கேள்வி கேட்டுது, மறுநாளே ஈபி ஆபீஸ்ல நின்னாரு.