கூகுள்பாட் உங்கள் பக்கங்களைக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?

திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை என்று உங்கள் தளத்தில் ஒவ்வொரு சுற்றுலா இடத்துக்கும் தனித்தனிப் பக்கம் எழுதியும் பாதி கூகுளில் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் உள்ளிணைப்பு, அதாவது உங்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு, இல்லாததுதான். கூகுள்பாட் என்பது தேடலுக்காக இணையப் பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரல். அது ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்துத்தான் அடுத்ததற்குப் போகும். திற்பரப்பு பக்கத்திலிருந்து பேச்சிப்பாறை அணைக்கு இணைப்புக் கொடுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று போடாமல் இடத்தின் பெயரையே போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஓடும் பொத்தானைக் கூகுள்பாட் அழுத்திப் பார்க்காது. பேருந்து நேரத்தைப் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாக மாற்றுங்கள், வாசகருக்கும் அதுவே வசதி.

அப்புறம் சைட்மேப், அதாவது உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை கொள்ளும், உங்களுக்கு ஒன்றே போதும்.

பலர் தடுமாறுவது ரோபாட்ஸ் (robots.txt) கோப்பில். அது கூகுள்பாட்டைப் பக்கத்தைப் படிக்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். தடுத்தாலும், வேறு தளத்திலிருந்து இணைப்பு இருந்தால் பக்கத்தின் முகவரி தேடலில் வரலாம். தேடலில் வராமல் மறைக்க வேண்டிய பக்கத்தில், 'தேடலில் காட்டாதே' என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிப்பைப் போட்டு, ரோபாட்ஸ் தடையை எடுத்துவிடுங்கள். தடை இருந்தால் அந்தக் குறிப்பையே கூகுள் பார்க்க முடியாது.

சரி, இதெல்லாம் முடித்ததும், தள உரிமையாளருக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் வராத பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எது தடுக்கிறது என்று அதுவே சொல்லும்.