இருபது சதவீதம் யார் கையிலிருந்து?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே விவசாயம் பார்க்கும் எங்கள் ஐயனுக்கு வயது 66, பிரஷரும் சர்க்கரையும் உண்டு. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதத்தை நாமே கட்டும் ‘கோ-பே’ பாலிசிக்குப் பிரீமியம் குறைவு. கைக்காசு போகும் என்றால் வீணாக ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார் என்கிறார் முகவர். சரிதானா? – வாசகர், திருப்பூர்.

பதில்: முகவர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் சிலருக்கு முழு இலவசமும், மற்றவர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டாம் என்ற உச்சவரம்புடன் 25, 50, 95 சதவீதப் பங்கும் வைத்துப் பார்த்தபோது, பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் போவதும் அட்மிட் ஆவதும் குறைந்தன. ஆனால் வீண் சிகிச்சை எந்த அளவுக்குக் குறைந்ததோ, ஏறக்குறைய அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையும் குறைந்தது. வாயுப்பிடிப்பு எது, மாரடைப்பின் தொடக்கம் எது என்று நோயாளி பிரித்தறிந்தா நின்றுகொள்கிறார்? பெரும்பாலோருக்கு இதனால் உடல்நலம் கெடவில்லை என்பதும் உண்மை; எனினும் ஏழ்மையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தவர்களில், இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கே அழுத்தம் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது.

அந்தச் சோதனையில் மருத்துவரைப் பார்க்கும் செலவும் காப்பீட்டில் அடங்கியது; நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பணம் தருகின்றன. ஆகவே மாதாந்திர மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உங்கள் ஐயன் ஏற்கெனவே நூறு சதவீதம் ‘கோ-பே’ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மஞ்சள் விலை இறங்கிய ஆண்டில் அவர் முதலில் எதை நிறுத்துவார் என்று உங்களுக்கே தெரியும். (மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவ்விரண்டு நோய்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது, பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.)

கூடுதல் பிரீமியம் கட்டினால் ‘கோ-பே’யை நீக்கித் தரும் பாலிசிகளும் உண்டு, கட்ட முடியுமானால் அதையே எடுங்கள். முடியாவிட்டால் 20 சதவீதப் பாலிசியும் தவறில்லை, ஆனால் மிச்சமாகும் பிரீமியத்தை வீட்டுச் செலவில் கரையவிடாதீர்கள். மூன்று லட்ச ரூபாய் பில்லில் உங்கள் பங்கு 60,000 ரூபாய். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். அத்தொகையைத் தனியாக வைப்புநிதியில் போட்டு, ரசீதை ஐயனிடமே கொடுத்துவையுங்கள். இரவில் நெஞ்சு அடைக்கும்போது மகனுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று அவர் விடியும்வரை படுத்திருக்கக் கூடாது.