குட்டி யானையில் ஏறுகிற நாடகம்

வாசகர் கேள்வி – பதில்

சிறு நாடகக் குழு நடத்துவது பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கே: நாங்கள் ஒன்பது பேர். ஆண்டுக்கு மூன்று நாடகம் போட ஆசை: குழந்தைகளுக்கு ஒன்று, சிறுகதையிலிருந்து ஒன்று, புதிதாக எழுதியது ஒன்று. பெரிய அரங்குக்கு வாடகை கொடுக்க வழியில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

ப: நாடகப் பிரதியைத் தேடும் முன் இடத்தைப் பிடியுங்கள். 40 அடி நீளம், 25 அடி அகலத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால் கிடைத்தால் போதும். 16 அடியை ஆடுகளத்துக்கு விட்டால் மீதியில் 70 பேர் தாராளமாக உட்காரலாம். மேடை வேண்டாம், தரையிலேயே ஆடுங்கள். ஆனால் நடிகர் உட்கார்ந்த மாத்திரத்தில் மூன்றாவது வரிசைக்கு அவர் மறைந்துவிடுவார். ஆகவே முதல் இரண்டு வரிசைக்கு ஜமுக்காளம், அடுத்து நாற்காலி, கடைசியில் பெஞ்சு. கீழே படுத்துப் பேசும் காட்சியைப் பெட்டிகளின் மேல் மாற்றிவிடுங்கள்.

மூன்று நாடகத்துக்கும் ஒரே சாமான்தான். 18 அங்குலக் கனசதுரப் பெட்டி ஆறு செய்யச் சொல்லுங்கள். 12 மி.மீ. ப்ளைவுட்டில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில், ஒரு பக்கம் திறந்த பெட்டி இரண்டு வரும். ஆக மூன்று ஷீட். திறந்த பக்கம் வழியாக உடுப்புகளை உள்ளே அடைத்து வண்டியில் ஏற்றலாம். நாற்காலி, கிணறு, பேருந்து, சிம்மாசனம் எல்லாம் இந்த ஆறிலேயே ஆகிவிடும். மறைப்புத் தட்டி செய்யும்போதுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஷீட் எட்டடி என்று தட்டியையும் எட்டடிக்கு அடித்துவிடுகிறார்கள். குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியின் தளம் ஏழடிதான். பின்னால் நீட்டிக்கொண்டு போகிற தட்டி, இரண்டாவது ஊருக்குள் மூலை பிளந்துவிடும். ஆறரை அடிக்குச் செய்து, ஒன்றரை அடிக் காலைத் தனியாக போல்ட் போட்டு முடுக்குங்கள்.

பின்திரைக்குக் கறுப்புச் சாயம் போட்ட காடா துணி. 25 அடிச் சுவருக்கு 37 அடித் துணி வாங்குங்கள். இழுத்துக் கட்டினால் சுருக்கமெல்லாம் வெளிச்சத்தில் தெரியும். மடிப்பாகத் தொங்கினால்தான் இருட்டாக நிற்கும்.

கே: ஆயிரம் வாட் விளக்கு ஆறு போட்டோம். பாதி நாடகத்தில் எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. ஸ்பீக்கரிலும் ஒரே இரைச்சல். என்ன தவறு?
– வாசகர், வேலூர்

ப: 6,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர். ஹாலின் பிளக் லைனில் இருப்பது பெரும்பாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு லைனில் மூன்று விளக்குக்கு மேல் மாட்டக்கூடாது. எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்கவே வேண்டாம். அது விழாமல் நின்றால் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். ஹாலுக்கு மூன்று ஃபேஸ் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, விளக்கை இரண்டு ஃபேஸில் பிரியுங்கள். நியூட்ரல் முனையை அவர் கையாலேயே இறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, விளக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே நொடியில் போய்விடும்.

இரைச்சல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரிலிருந்து வருகிறது. ஒலியை மூன்றாவது ஃபேஸில் வையுங்கள். மைக் ஒயரும் விளக்கு ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக்கூடாது. தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைப்பது உயிரோடு விளையாட்டு.

உண்மையில் 70 பேர் முன்னால் மைக்கே தேவையில்லை. தொங்கவிட்ட மைக் வசனத்தைவிட மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்கும். அந்த விசிறியால் இன்னொரு தொல்லையும் உண்டு. விளக்கு விசிறிக்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் நடிகர் முகத்தில் படபடவென்று ஓடும், பார்ப்பவருக்குத் தலைவலி வரும். ஆடுகளத்துக்கு மேலிருக்கும் விசிறிகளை நிறுத்துங்கள், பார்வையாளர் பக்கம் ஓடட்டும்.

விளக்கு 11 அடி உயரத்தில் இருக்கட்டும். முகம் ஐந்தடியில் இருப்பதால், ஆறடி தள்ளி ஸ்டாண்டு வைத்தால் 45 பாகையில் வெளிச்சம் விழும். முன்பாதிக்கு இடமும் வலமுமாக ஒரு ஜோடி, பின்பாதிக்கு ஒரு ஜோடி, பின்னாலிருந்து இரண்டு. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாயம். எல்.இ.டி. வாங்குவதானால் முகத்துக்கு வார்ம் ஒயிட் (இளமஞ்சள் கலந்த வெள்ளை) வாங்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து வெள்ளை காட்டும் மலிவு விளக்கில் மாநிறத் தோல் சாம்பல் பூத்துத் தெரியும்.

கே: சிறுகதையை நாடகமாக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? காவல்துறையிடம் பிரதியைக் காட்ட வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தனைப் போல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் எழுத்துக்கு அனுமதி தேவையில்லை. மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது, இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். கட்டணமில்லாமல் அமெச்சூர் குழு நடிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் விற்றால் அது போய்விடும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்; எத்தனை காட்சி, எவ்வளவு தொகை என்பது அதில் இருக்கட்டும்.

பிரதியை முன்கூட்டிக் காட்டச் சொன்ன 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கு அது. நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க மட்டும் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கே: எங்கள் நாடகத்தில் இருபது நிமிடம் தெருக்கூத்து சேர்க்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

ப: துண்டாக வெட்டி ஒட்டாதீர்கள். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனுக்குப் பேச்சு சூடுபிடிக்கவே அந்த இருபது நிமிடம் ஆகும். தனி மாலையாக ஒரு ஜமாவை (கூத்துக் குழுவை) முழுதாக அழையுங்கள். வேஷம் கட்டவே மணிக்கணக்காகும் என்பதால் மதியமே அவர்களுக்கு அறை, கண்ணாடி, நல்ல வெளிச்சம் ஏற்பாடு செய்யுங்கள். பேசிய தொகையை ஆட்டம் முடிந்த கையோடு கொடுங்கள்.

கே: டிக்கெட் வைத்துச் செலவை எடுக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். உடுப்பு, பெட்டி, துணி 20,000 ரூபாய். காட்சி ஒன்றுக்கு வாடகை, வண்டி, சாப்பாடு 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரே காட்சியென்றால் செலவு 32,000. 200 ரூபாய் டிக்கெட்டில் 42 பேர் வந்தால் வரவு 8,400, கால்வாசிதான். நான்கு காட்சி போட்டால் செலவு 68,000, வரவு 33,600, ஏறக்குறையப் பாதி. சாமானை அடுத்த நாடகத்துக்கும் எடுத்தால் செலவு இன்னும் இறங்கும். மீதியைப் பள்ளி, கல்லூரிகளில் தொகை பேசிப் போடும் காட்சிகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் எடுக்க வேண்டும். குழந்தைகள் நாடகத்தை ஜூலையில் தயாராக வையுங்கள். பள்ளிகள் நவம்பர் குழந்தைகள் தினத்துக்கு அதற்குள்ளேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.