மீன் எண்ணெய் மாத்திரை மன அழுத்தத்துக்கு உதவுமா? அழற்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அழற்சி என்றால் என்ன? அடிபட்ட விரல் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை, அது இல்லாவிட்டால் சின்னக் காயம்கூட ஆறாது. சிக்கல் என்னவென்றால், கடன் கவலை, வேலைப் பயம் மாதிரி மன நெருக்கடி வந்தாலும் உடம்பு கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதோடு, ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் ஏற்றிவிடுகிறது.

நம் சென்னை வீடுகளில் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறோம் இல்லையா, அதே கதைதான். போட்டால்தான் தண்ணீர் வரும், ஆனால் நிரம்பியபின் யாரும் நிறுத்தாவிட்டால் வழிந்து சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும் சில பொருட்கள், அந்த மோட்டாரை நிறுத்தப் போகும் ஆள் மாதிரி.

2021இல் வெளிவந்த அமெரிக்க ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், உடல் எடை கூடிய நடுத்தர வயதினர் 4 மாதம் தினமும் 2.5 கிராம் ஒமேகா-3 எடுத்தார்கள். பிறகு அவர்களுக்கு மன அழுத்தம் தரும் ஒரு சோதனை வைத்தபோது, டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட கார்ட்டிசால் 19 சதவீதம் குறைவாக இருந்தது. கவலையே போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால், காசிமேட்டு மத்தியோ காணாங்கெளுத்தியோ வாங்கி வாரம் இரண்டு நாள் குழம்பு வைப்பதே நல்ல தொடக்கம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடவேண்டாம்.

அப்புறம், டப்பாவில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அவ்வளவும் ஒமேகா-3 என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது எண்ணெயின் எடை, சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான்.