ஹமொக்கில் முதுகு விறைக்கிறதா? அடியில் கட்டும் போர்வையைத் தேர்வது எப்படி

கேள்வி: போன தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பேர் நுவரெலியாப் பக்கம் போய், தெரிந்தவரின் காணியில் ஹமொக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) கட்டிப் படுத்தோம். நல்ல ஸ்லீப்பிங் பாக் இருந்தது. நெஞ்சுப் பக்கம் வேர்த்தது, முதுகு விறைத்தது. இரண்டு மணிக்குப் பிறகு ஒருவருக்கும் நித்திரை இல்லை. அண்டர்குயில்ட் வேண்டும் என்கிறார்கள். கனடாவிலிருந்து மாமா மார்கழியில் வருகிறார், அவரிடம் சொல்லிவிடலாம். எதை வாங்கச் சொல்வது? இங்கே தைப்பிக்க முடியாதா?

பதில்: உங்கள் ஸ்லீப்பிங் பாக்கில் குறை இல்லை. போர்வை எதுவும் சூடு தருவதில்லை. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டை மறித்து வைக்கிறது. ஹமொக்கில் படுத்ததும் முதுகுக்குக் கீழே அகப்படும் பஞ்சு பாரத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும். அதற்குக் கீழே மலைக்காற்று இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஏணை கட்டிய வீடுகளில் இது தெரிந்த விஷயம்: மார்கழிப் பனியில் பிள்ளைக்கு மேலால் எவ்வளவு போர்த்தினாலும் ஏணையின் அடியைத் தொட்டால் சில்லென்றிருக்கும்.

அண்டர்குயில்ட் ஹமொக்குக்கு வெளியே, அடியில் இலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் பஞ்சுப் போர்வை. உங்கள் பாரம் அதில் இறங்காது என்பதால் பஞ்சு உப்பியபடியே இருக்கும். இனி அதைக் கீழ்ப்போர்வை என்றே சொல்வோம். வாங்கும்போதும் தைக்கும்போதும் கட்டும்போதும் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பஞ்சு நசுங்கக்கூடாது, ஹமொக்குக்கும் போர்வைக்கும் நடுவில் காற்று புகக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் காற்று புகும்.

முதலில் எவ்வளவு குளிருக்கு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். உயரம் 1000 மீற்றர் ஏற ஏற ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். தை மாத இரவில் யாழ்ப்பாணத்தில் 22 பாகை என்றால், 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 10 பாகை அளவில் நிற்கும். முகில் இல்லாத இரவில் அதற்கும் கீழே போகும். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேல். தை, மாசியில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. அங்கே இரவு தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மரத்தில் ஹமொக் கட்ட விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும் பள்ளமான புல்வெளியின் அடியில் கட்ட வேண்டாம். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் வந்து தேங்கும். சரிவில் சற்று மேலே மரங்களுக்குள் கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இனி மாமாவிடம் சொல்லும்போது வரும் பெரிய பிழை. இந்தப் போர்வைகளைப் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில், பாரன்ஹீட்டில், 0, 20, 40, 50 என்று பெயரிட்டு விற்பார்கள். "20 பாகைக்கு உரியது" என்று கேட்டுவிட்டு அது யாழ்ப்பாணத்து இரவுக்கான மெல்லிய போர்வை என்று நினைக்காதீர்கள். 20 பாரன்ஹீட் என்பது கழித்தல் 7 செல்சியஸ். 40 என்பது 4 செல்சியஸ், 50 என்பது 10. இன்னொன்று: ஸ்லீப்பிங் பாக்குகளுக்குச் சர்வதேசப் பரிசோதனைத் தரம் ஒன்று உண்டு, கீழ்ப்போர்வைக்கு அப்படி இல்லை. எழுதியிருக்கும் எண் செய்தவர் தாமே போட்ட எண். அதுவும் மேலே அதே அளவு சூடான போர்வையும், உடம்பில் கம்பளி உடுப்பும் இருக்கும் என்ற கணக்கில் போட்டது. ஆகவே எதிர்பார்க்கும் குளிரைவிட 5 பாகை செல்சியஸாவது கூடத் தாங்குவதை எடுங்கள். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த இடைவெளி தேவை. நுவரெலியாவுக்கு 40 பாரன்ஹீட் போர்வை சரி. ஹோர்ட்டன் சமவெளி மாதிரி இடத்துக்கும் கொண்டு போவதென்றால் 20 எடுங்கள். அதிகம் சூடாக இருந்தால் இலாஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்திக் காற்று விடலாம். குறைவாக இருந்தால் இரவில் செய்ய ஒன்றும் இல்லை.

இறகா, செயற்கைப் பஞ்சா? வாத்தின் மென்தூவி பாரம் குறைவு, சின்னதாக மடங்கும், நல்ல சூடு. ஆனால் ஈரம் பட்டால் ஒட்டிப்போய்த் தன் உப்பலை இழந்துவிடும். நம் மலைநாட்டில் மழையே பெய்யாவிட்டாலும் மூடுபனி போர்வையை நனைக்கும். நக்கிள்ஸ் பக்கம் தை மாதத்திலும் வடகீழ்ப் பருவ மழை இருக்கும். மூன்று நாள் நடைப்பயணத்தில் இறகுப் போர்வையைக் காயவைக்க வெயில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எங்கள் தீர்ப்பு செயற்கைப் பஞ்சு. கொஞ்சம் பாரமும் பருமனும் கூட, ஆனால் ஈரத்திலும் ஓரளவு உப்பி நிற்கும். கிளைமாஷீல்ட் அபெக்ஸ் போன்ற தொடரிழைப் பஞ்சில், அதாவது இழை அறுபடாமல் நீளமாக ஓடும் பஞ்சுத்தாளில், செய்ததா என்று பாருங்கள். அதில் சதுர மீற்றருக்கு 85 கிராம் அளவிலான தடிப்பு ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்கும், 120 கிராம் அளவிலானது 4 பாகைக்கும், 170 கிராம் அளவிலானது உறைநிலை அண்மைக்கும் போதும் என்பது வழக்கமான கணக்கு.

நீளத்தில் இரண்டு வகை. முழு நீளம் 190 செ.மீ. சுமார், தலை முதல் கால் வரை. முக்கால் நீளம் 130 முதல் 140 செ.மீ., தோளிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. முதல் முறை வாங்குபவருக்கு முழு நீளம் நல்லது, கட்டுவதில் சின்னப் பிழை விட்டாலும் தாங்கும். பாரம் குறைக்க வேண்டுமென்றால் முக்கால் எடுத்து, பழைய யோகா பாயில் 50 செ.மீ. சதுரத் துண்டு வெட்டிக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் கீழே வையுங்கள். முதுகுக்கும் அந்தப் பாயே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சூடு இருக்கும்தான், ஆனால் பாய் நழுவும், முதுகு வேர்க்கும், அகலம் 60 செ.மீ. தான் என்பதால் தோள் இரண்டும் வெளியே குளிரும்.

இங்கே தைப்பிக்கலாம். வெளித்துணி காற்று எளிதில் புகாத, நெருக்கமாக நெய்த மெல்லிய நைலோன். வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு சுலபமாக அந்தப் பக்கம் போனால் வேண்டாம். பொலித்தீன் பூச்சுள்ள துணியும் வேண்டாம், உடம்பின் ஈரம் வெளியேற வழியின்றிப் பஞ்சிலேயே தங்கும். முக்கால் நீளத்துக்குத் தைத்து முடிந்த அளவு 135க்கு 115 செ.மீ. இருக்கட்டும். இரு முனையிலும் சுருக்குக் கயிறு ஓட 2.5 செ.மீ. மடிப்பு, நீளப் பக்கங்களில் 3 மி.மீ. இலாஸ்டிக் ஓட இன்னொரு மடிப்பு.

தையற்காரரிடம் ஒன்றை வாயால் சொல்லாமல் விடாதீர்கள். மெத்தை தைத்துப் பழகிய கை, பஞ்சு ஓடாமல் இருக்க நடுவில் கட்டம் கட்டமாகத் தையல் போடும். ஊசி இறங்கிய ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கி இரண்டு துணியும் ஒட்டிவிடும், இரவில் அந்தக் கோடுகள் முதுகில் குளிராகத் தெரியும். தொடரிழைப் பஞ்சுக்கு ஓரத் தையலே போதும். கடையில் சாதாரண பொலியெஸ்டர் பஞ்சுத்தாள்தான் கிடைக்குமென்றால் இரண்டு தாள் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துணியோடு அகலமான இடைவெளியில் தைத்து, ஒன்றின் தையல் கோடு மற்றதின் மேல் விழாதபடி சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறதே என்று தோன்றலாம். பாரம் இல்லாதது, தண்ணீரை விலக்குவது, ஒரு காலத்தில் உயிர்காப்பு மேலங்கிகளுக்கே அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை குட்டை, மடித்து மடித்துப் பையில் அடைத்தால் நொறுங்கித் திரளும், நடுவில் வெறுமை விழும். தலையணைக்கே இருக்கட்டும். பருத்திப் பஞ்சு இன்னும் மோசம், ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது.

கட்டுவதற்கு வருவோம், அரைவாசிப் பேருக்குக் குளிர்வது இங்கேதான். முதலில் ஹமொக்கைச் சரியாகக் கட்டுங்கள்: கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவு, மரத்தில் அகலப் பட்டி. 335 செ.மீ. ஹமொக்குக்கு முனைக்கு முனை இடைவெளி 278 செ.மீ. அளவில் வந்தால் குறுக்காகச் சரிந்து, முதுகு தட்டையாகப் படுக்க முடியும். பிறகு கீழ்ப்போர்வையின் இலாஸ்டிக்கை இரு முனையிலும் கொளுவி, மேல் விளிம்பு தோளுக்குச் சற்று மேலே வரும்படி நகர்த்துங்கள். ஆள் ஏறாதபோது போர்வை ஹமொக்கின் அடியைத் தொட்டு, மெல்ல ஏந்தி நிற்க வேண்டும். ஆள் படுத்ததும் உடம்போடு சேர்ந்து இறங்க வேண்டும். இறங்காமல் முட்டி நின்றால் இலாஸ்டிக் இறுக்கம். பின்பக்கத்திலும் தோளிலும் பஞ்சு நசுங்கி அங்கேதான் முதலில் குளிரும். நடுவில் தொங்கினால் இரண்டு பக்கமும் சமமாக 5 செ.மீ. குறையுங்கள். முனைச் சுருக்கை விளிம்பு ஹமொக்கோடு ஒட்டும் வரை மட்டும் இழுங்கள், அதற்கு மேல் இழுத்தால் ஓரம் விலகி வாய் பிளக்கும்.

இதை நுவரெலியாவில் இருட்டில் பழக வேண்டாம். வீட்டு முற்றத்தில் இரண்டு மாமரத்துக்கு நடுவே கட்டுங்கள். முசுறு இல்லாத மரமாகப் பாருங்கள். இரவில் ஹமொக்குக்குக் கீழே ஒரு ஃபானை மேல்நோக்கித் திருப்பி வைத்து, மெல்லிய பெனியனோடு பத்து நிமிடம் அசையாமல் படுங்கள். நம் வெக்கையில் போர்வை ஒட்டிய இடமெல்லாம் வேர்க்கத் தொடங்கும். எங்கே வேர்க்காமல் காற்றுத் தட்டுகிறதோ, அங்கே இடைவெளி. பெரும்பாலும் இடுப்பின் வளைவிலும் தோளின் ஓரத்திலும் அகப்படும். கூட இருப்பவர் அந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தால், துணிக்கும் போர்வைக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழையும். அந்தப் பக்க இலாஸ்டிக்கைத் திருத்தி, சரியான இடத்தில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மலையில் அந்தக் கோட்டுக்கு இழுத்தால் போதும்.

மலையில் காற்று வரும் பக்கம் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டுங்கள். எவ்வளவு நல்ல போர்வையும் ஓயாமல் அடிக்கும் காற்றுக்கு இளகும்.

திரும்பி வந்ததும் போர்வையை, அடைத்துக் கொண்டுபோன சின்னப் பையிலேயே அலுமாரிக்குள் போட்டுவிடாதீர்கள். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பெரிய கொட்டன் தலையணை உறைக்குள் தளர்வாக வையுங்கள். பொலித்தீன் பைக்குள் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த செயற்கைப் பஞ்சோ பழைய உப்பலுக்குத் திரும்பாது.